கயிறு கொஞ்சம் தொய்யட்டும்

வீட்டு நாயும் வீதியும்: வாசகர் கேள்வி பதில்

வாக்கிங் போகும்போது எதிரே வரும் நாய்களை எப்படிச் சமாளிப்பது என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் பலவிதம் என்றாலும் அடியில் இருக்கும் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் முதல் பதிலை விரிவாகவே எழுதியிருக்கிறோம். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வரவும்.

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது. வீட்டுக்கு வரும் தங்கச்சியின் நாயோடு தோட்டத்தில் அருமையாக விளையாடுகிறான். ஆனால் லீஷ் (பிடிகயிறு) மாட்டி ரோட்டுக்குக் கூட்டிப்போனால் இருபதடி தூரத்தில் நாயைப் பார்த்தாலே இரண்டு காலில் எழுந்து பாய்கிறான். கை வலி தாங்கவில்லை. குணம் கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: கெட்டுப்போகவில்லை அம்மா. தோட்டத்தில் விளையாடுகிற அதே நாய்தான் ரோட்டிலும் நிற்கிறது. நடுவில் வந்தது லீஷ் மட்டும்தான்.

கட்டில்லாத இரண்டு நாய்கள் சந்திப்பதைக் கவனித்துப் பாருங்கள். நேருக்கு நேர் வரவே வராது. பிறை மாதிரி வளைந்து வரும், வழியில் நின்று தரையை முகரும், முகத்தை வேறு பக்கம் திருப்பும், கடைசியில் பக்கவாட்டில் போய் வால்பக்கம் முகர்ந்துகொள்ளும். பிடிக்கவில்லையென்றால் விலகிப் போய்விடும். லீஷ் மாட்டியதும் இதில் எதற்கும் இடமில்லை. ரோடு நேர்கோடு. இரண்டு பேரும் நேராக நடக்கிறீர்கள், நாய்கள் கண்ணோடு கண் பார்த்தபடி நெருங்குகின்றன. விலகிப்போக வழியில்லாத நாய்க்கு மிச்சம் இருப்பது சத்தம்தான். அது குரைக்கிறது, எதிர் நாய் கடந்து போய்விடுகிறது. அந்த நாய் தன் வழியில்தான் போனது. ஆனால் உங்கள் லேப்ரடார் கணக்கில், ‘நான் குரைத்தேன், அது ஓடிவிட்டது’. தினம் இரண்டு தடவை இந்தப் பாடம் நடந்தால் பழக்கம் இறுகத்தானே செய்யும்? விளையாடப் போக முடியாத ஆத்திரத்தில் பாய்கிற நாய்களும் உண்டு. உங்கள் பையன் அந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

அடுத்தது உங்கள் கை. எதிரே நாய் வருவதை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான். பார்த்ததும் லீஷை இரண்டு சுற்று சுற்றி இழுத்துப் பிடிக்கிறீர்கள். கழுத்து பெல்ட் மேலே ஏறுகிறது, தாடை நிமிர்கிறது, நெஞ்சு முன்னால் தள்ளுகிறது. நாய் பாஷையில் இது ‘வா, பார்க்கலாம்’ என்று சவால் விடும் நிலை. உங்கள் நாய் சும்மா இருந்தாலும் எதிர் நாய் அப்படித்தான் படிக்கும். கூடவே உங்கள் நாயும், ‘அம்மா கை இறுகினால் ஏதோ வருகிறது’ என்று கற்றுக்கொள்கிறது.

சாமான் முதலில். 6 அடி நீளம், 1 அங்குல அகலத்தில் நைலான் பட்டை லீஷ். நெஞ்சுப் பக்கமும் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது கழுத்துக்குப் பதில் உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை. நெஞ்சு வளையத்தில் மாட்டினால், இழுக்கும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பும். 30 கிலோ நாயோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. லீஷின் கைப்பிடியைக் கட்டைவிரலில் மாட்டி உள்ளங்கையை மூடுங்கள். மணிக்கட்டில் சுற்றவே கூடாது, நாய் பாய்ந்தால் உங்களையும் சேர்த்துக் கீழே தள்ளும். மற்ற கை லீஷின் நடுவில். நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் லீஷ் துணிக்கொடி தொய்வது போலத் தொய்ந்திருக்க வேண்டும்.

தீனிக்கு, உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி. 50 கிராம் போதும், பட்டாணி அளவில் நறுக்கினால் ஒரு நடைக்கு மிஞ்சும். பிஸ்கட் இந்த வேலைக்கு ஆகாது. வீட்டில் சும்மாவே கிடைக்கிற பொருளுக்காக எந்த நாயும் இன்னொரு நாயை விட்டுக் கண்ணெடுக்காது. கொடுத்த அளவை இரவுச் சாப்பாட்டில் கழித்துக்கொள்ளுங்கள், லேப்ரடார் சீக்கிரம் பெருத்துவிடும்.

இப்போது தூரம். இதுதான் மருந்து. அமைதியான நாய் வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரை அகலமான தெருவின் கோடியில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் 100 அடி தள்ளி நில்லுங்கள். உங்கள் நாய் அதைப் பார்த்த பிறகும் கறியை மென்மையாக வாங்கிச் சாப்பிட்டால் தூரம் சரி. விரலோடு சேர்த்துக் கவ்விப் பிடுங்கினால் பதற்றம் ஏறுகிறது, பத்தடி பின்னால் போங்கள். கறியைத் திரும்பியே பார்க்கவில்லையென்றால் ரொம்ப நெருக்கம். அந்த நேரத்தில் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் ஏறாது.

தூரம் பிடிபட்டதும் பாடம் ஆரம்பம். நாய் கண்ணில் படுகிறது, கறி. மறைகிறது, கறி நின்றுபோகிறது. இந்த வரிசை மாறக் கூடாது. கறியை முதலில் காட்டிவிட்டு அப்புறம் நாய் வந்தால், கறிப் பை திறந்தாலே ஆபத்து என்று அது எண்ணத் தொடங்கும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். ஒரு நாளைக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். சில நாளில், எதிர் நாயைப் பார்த்ததும் தானாகவே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும், ‘எங்கே என் கறி’ என்று. அந்தத் திரும்பல் மூன்று நாள் தொடர்ந்து வந்த பிறகு ஐந்தடி நெருங்கலாம். சொதப்பினால் இருபதடி பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள். இது மாதக் கணக்கில் பொறுமை கேட்கிற வேலை.

குரைத்த பிறகு நீங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை, அதற்கு முந்திய இரண்டு மூன்று வினாடிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் டக்கென்று மூடும். அதுதான் முதல் மணி. காது முன்னால் வரும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு மாறும், வால் உயர்ந்து அசையாமல் நிற்கும். வாய் மூடிய அந்த நொடியிலேயே நீங்கள் திரும்பிவிட வேண்டும். அதற்கு ‘திரும்பு’ என்ற ஒரே சொல்லை வீட்டு ஹாலிலும் மொட்டை மாடியிலும் முன்கூட்டியே பழக்குங்கள். சொல், உடனே நீங்கள் எதிர்த்திசையில் திரும்பி நாலு எட்டு, கூட வந்ததும் கறி. தினம் பத்து முறை, ஒரு வாரம். அப்புறம்தான் ரோடு. லீஷைச் சுண்டித் திருப்பக் கூடாது, சொல்லுக்குத் திரும்ப வேண்டும்.

திரும்ப வழியில்லையென்றால் நிறுத்தியிருக்கும் காருக்குப் பின்னால் போய்விடுங்கள். பார்வை மறைந்தால் பாதி வேகம் குறையும். கைநிறையக் கறியைப் புல்லில் விசிறிவிட்டு முகர்ந்து பொறுக்க விடுவதும் உதவும். தலை தாழ்ந்து முகரும் நாய், எதிர் நாய்க்கும் ‘நமக்குள் வம்பில்லை’ என்றே தெரியும்.

பயிற்சிக்கு மூக்கனேரிக் கரை மாதிரி இடம் வேண்டாம். ஒரு பக்கம் தண்ணீர், எதிரே நாய் வந்தால் விலக இடமில்லை. பெரிதாக ஒரு தடவை வெடித்துவிட்டால் அன்றைய பதற்றம் மறுநாளும் உடம்பில் மிச்சம் இருக்கும். மறுநாள் மொட்டை மாடியில் தீனி ஒளித்துத் தேட விடுங்கள், ரோடு வேண்டாம். தீபாவளி வாரத்துக்கும் இதே கணக்கு.

கேள்வி: இரும்புச் சங்கிலி, பட்டன் அமுக்கினால் நீளும் ரோலர் லீஷ், இரண்டில் எது நல்லதுங்க?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: இரண்டும் வேண்டாம். சங்கிலி கையை உரித்துவிடும், அதன் பாரம் எப்போதும் கழுத்தில் தொங்கும். லீஷைக் கடித்து அறுக்கும் நாயென்றால், கழுத்துப் பக்கம் ஓரடி சங்கிலியும் மீதி நைலானுமாக மாட்டலாம். ரோலர் லீஷில் நாய் 15 அடி தள்ளிப் போனதும் கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லை. அந்த மெல்லிய கயிற்றைப் பிடித்து நிறுத்தப் போனால் விரல் அறுபடும். கை தவறினால் கைப்பிடி தடதடவென்று ரோட்டில் உருண்டு பின்னாலேயே வரும், பயந்த நாய் நிற்காமல் ஓடும்.

கேள்வி: எங்கள் சந்து அகலமே பத்தடி. முனையில் ஐந்து தெருநாய்கள். எங்கள் ஸ்பிட்ஸைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாலே சூழ்ந்துகொள்கின்றன. கல்லெடுத்தால் ஓடுகின்றன, திரும்ப வருகின்றன. வேறு வழியும் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: முதலில் நாயில்லாமல் ஒரு மாலை நடந்து பாருங்கள். தெருநாய்க் கூட்டத்துக்கு எல்லை உண்டு. டிரான்ஸ்பார்மர், டீக்கடை, குப்பைத் தொட்டி, கறிக்கடை வாசல் என்று ஏதாவது ஓர் அடையாளத்தில் அது முடியும். அந்த இடம் தாண்டினால் குரைத்தபடி நின்றுவிடும், பின்தொடராது. அந்த எல்லை எத்தனை எட்டில் முடிகிறது என்று தெரிந்தாலே உங்கள் படபடப்பு பாதி குறையும். எந்த நேரத்தில் சுருண்டு படுத்திருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடியலிலும் இரவு பத்துக்கு மேலும்தான் சுறுசுறுப்பு. ரோட்டில் ஆள் நடமாட்டம் வந்த பிறகு அடங்கிவிடும். வாக்கிங்கைக் காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குத் தள்ளினாலே பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு. ஆனால் சித்திரை, வைகாசியில் ஏழரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுங்கள். புறங்கையைத் தாரில் ஏழு வினாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சூடுதான்.

அடுத்து, ஒரு வாரம் நாயில்லாமல் அதே வழியில் நடங்கள். கையில் பொறை. ஐந்து நாயென்றால் ஐந்து துண்டு போதாது, பத்து பன்னிரண்டாக உடைத்துத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டு நாய் போட்டி போட்டால் நீங்களே சண்டை மூட்டியவராவீர்கள். உங்களைப் பார்த்ததும் வால் தாழ்ந்து ஆட ஆரம்பித்த பிறகு ஸ்பிட்ஸோடு வாருங்கள். முழுக்க நட்பாகாவிட்டாலும் குரல் இறங்கும்.

கடக்கும்போது, உங்கள் நாய் சுவர்ப் பக்கம், நடுவில் நீங்கள், அந்தப் பக்கம் தெருநாய்கள். வேகம் கூட்டாதீர்கள், நிற்காதீர்கள், அவற்றின் கண்ணைப் பார்க்காதீர்கள். ஒன்று பின்னாலேயே ஒட்டி வந்தால் திரும்பி நேராக நின்று, உங்கள் நாயை முதுகுக்குப் பின்னால் விட்டு, உள்ளங்கையைக் காட்டி, அடிக்குரலில் ஒரே தடவை ‘போ’. ஓரடி முன்னால் வையுங்கள். அது பின்வாங்கியதும் நீங்களும் திரும்பி நடங்கள். துரத்தக் கூடாது.

கல்லெடுக்கக் குனிவது தனியாகப் போகிறவருக்குச் சில சமயம் பலிக்கும். நாயோடு போகிறவருக்கு ஆகாது. குனிந்தால் உங்கள் முகம் நாயின் உயரத்துக்கு வருகிறது, லீஷ் பிடித்த கை தளர்கிறது. தவிர, லீஷில் நாய் பிடித்து வருகிறவர் என்றாலே கல் வரும் என்று அவை கற்றுக்கொண்டால் நாளைக்கு இன்னும் தூரத்திலேயே குரைக்கும். கல்லை விட நல்ல ஆயுதம் பட்டன் குடை. சூழ வரும்போது முன்னால் பட்டென்று விரித்தால் நின்றுவிடும், உங்கள் நாயையும் மறைக்கும். ஆனால் முதலில் வீட்டில் நாலைந்து நாள், குடையை மெதுவாக விரிப்பதும் கறி கொடுப்பதுமாகப் பழக்க வேண்டும். பழக்காமல் ரோட்டில் விரித்தால் உங்கள் ஸ்பிட்ஸ்தான் முதலில் பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடும்.

அந்த ஐந்துக்கும் யாரோ சோறு வைக்கிறார்கள். அவரிடம் சண்டைக்குப் போகாமல் பேசுங்கள். சந்து முனையில் வைப்பதைக் கொஞ்சம் உள்ளே தள்ளியோ, நீங்கள் போகாத நேரத்திலோ வைத்தால் போதும். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே, குழந்தைகள் நடமாடும் இடத்தையும் வாசல்களையும் தவிர்த்து உணவிடும் இடத்தைக் குறிக்கச் சொல்கின்றன. ஒரு காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் கருத்தடை ஆன நாய். வெட்டில்லாதவை இருந்தால் மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் ஒன்று குட்டி போட்டிருந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். தாய் நாய் எல்லையோடு நிற்காது. இரண்டு மாதம் வேறு வழி பாருங்கள், வழியே இல்லையென்றால் ஸ்கூட்டரில் வைத்து அந்த இடத்தைத் தாண்டி இறக்கிவிடுங்கள்.

கேள்வி: குரைத்தால் முள் பெல்ட்டால் ஒரு சுண்டு சுண்டினால் அடங்கிவிடும் என்று ஒரு பயிற்சியாளர் சொல்கிறார். அடங்கவும் செய்கிறது. தொடரலாமா?
– வாசகர், அழகாபுரம்

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். நாய் எதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலிக்கிறதோ, அதோடுதான் வலியைச் சேர்த்து வைக்கும். ‘நாயைப் பார்த்தால் கழுத்தில் குத்துகிறது’ என்றால், நாய்கள் மீதுள்ள பயம் கூடத்தானே செய்யும்? இப்போது அடங்கியிருப்பது சத்தம் மட்டும். உறுமலும் குரைப்பும் நாய் தருகிற எச்சரிக்கை. எச்சரித்தால் அடி என்று தெரிந்த நாய் எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரே கடிக்கும். முன்னறிவிப்பில்லாமல் கடிக்கும் நாயை யாராலும் காப்பாற்றிக் கொடுக்க முடியாது. முதல் பதிலில் சொன்ன தூரப் பயிற்சி மெதுவாகத்தான் பலிக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பயத்தையே கரைக்கும்.

கேள்வி: நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறோம். சிப்பிப்பாறை பெண் நாய். எஸ்டேட் நாய்களைக் கண்டால் பின்னால் நகர்ந்து பெல்ட்டைத் தலை வழியாக உருவிக்கொண்டு ஓடிவிடுகிறாள். பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது?
– வாசகி, ஏற்காடு

பதில்: இறுக்கிப் பயனில்லை. சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் தலை குறுகல், கழுத்து அதைவிடத் தடிமன். மூச்சு முட்ட இறுக்கினாலும் காதை மடக்கிப் பின்னால் நகர்ந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உங்களுக்கு வேண்டியது மார்ட்டிங்கேல் பெல்ட். பெரிய பட்டையின் இரு முனை வளையங்களிலும் ஒரு சின்ன வளையப் பட்டை கோத்திருக்கும், லீஷ் அதில் மாட்டும். சும்மா இருக்கும்போது தளர்வாக இருக்கும், இழுத்தால் தலை நுழையாத அளவுக்கு மட்டும் இறுகும். அகலம் 2 அங்குலம் இருக்கட்டும், மெல்லிய பட்டை அந்த ஒல்லிக் கழுத்தை அறுக்கும். அளவைக் காதுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் எடுங்கள். மாட்டி லீஷை இழுத்துப் பார்க்கும்போது இரண்டு முனை வளையங்களும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது, நடுவில் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். முட்டினால் பெல்ட் பெரிது, உருவிக்கொள்வாள். மிஞ்சுகிற இடைவெளி அதைவிட அதிகமென்றால் கழுத்தை நெரிக்கும். வீட்டில் கட்டிப்போடும்போது இதைக் கழற்றிவிடுங்கள், எங்காவது மாட்டி இறுகிவிடும்.

ஹார்னஸ் என்றால் மூன்று பட்டை உள்ளதுதான். மூன்றாவது பட்டை கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் வரும், ஆழமான அந்த நெஞ்சு அதைத் தாண்டி வெளியே வராது. கடையில் அளவு கிடைக்காவிட்டால் பை தைக்கும் கடையில் நைலான் பட்டையில் தைத்துக்கொள்ளலாம். வளையம் வெல்டிங் வைத்ததாகவும், தையல் கட்டம் போட்டு நடுவில் குறுக்காக ஓடியதாகவும் இருக்கட்டும். ஹார்னஸையும் பெல்ட்டையும் ஒரு சின்னக் கொக்கிப் பட்டையால் இணைத்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும்.

மலை வழிக்குச் சில விஷயங்கள். எஸ்டேட் ரோட்டின் கொண்டை வளைவுகளில் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வளைவின் வெளிவிளிம்பை ஒட்டி அகலமாகத் திரும்பினால் எதிரே வருவது முன்கூட்டியே கண்ணில் படும். வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் உள்ளே ஒதுங்குங்கள். மூடுபனி இறங்கிய காலையில் உங்களுக்குத் தெரிவது பத்தடி. அவளுக்கோ வாசனை எப்போதோ வந்துவிட்டிருக்கும். ‘எதற்கு நிற்கிறாள்’ என்று இழுக்காமல், அவள் நின்றால் நீங்களும் நின்று திரும்பிவிடுங்கள். கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். லைன் வீட்டு (தொழிலாளர் குடியிருப்பு) நாய்கள் ஆட்களோடு காட்டுக்குள் வந்து, சாப்பாட்டுத் தூக்குகளுக்குப் பக்கத்தில் காவல் படுத்திருக்கும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

காட்டெருமை கண்ணில் பட்டால் இது நாய்ப் பிரச்சினையே அல்ல. லீஷைக் கழற்றி விட்டுவிடாதீர்கள். துரத்தப்பட்ட நாய் திரும்பி உங்களிடம்தான் ஓடிவரும், எருமையையும் இழுத்துக்கொண்டு. சத்தமில்லாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். குரங்குக்கும் தீனிப் பையைக் காட்டாமல் அதே மாதிரி நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: தெருநாய் வந்தால் எங்கள் பக் (Pug) நாயைத் தூக்கிக்கொள்வேன். தூக்கக் கூடாது என்கிறார்களே?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: எப்போது தூக்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. நாய் ஓடி வந்து காலடியில் நின்ற பிறகு தூக்கினால் மேலே ஏறுகிற பொருளை நோக்கி அதுவும் தாவும், கடி உங்கள் கையிலோ வயிற்றிலோ விழும். முப்பதடி தூரத்தில் இருக்கும்போதே, கத்தாமல், நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, பக்கவாட்டில் திரும்பி நடந்து போய்விட்டால் தவறில்லை. அதைவிட நல்லது, பக்கத்தில் திறந்திருக்கும் கேட்டுக்குள் போய்ச் சாத்திக்கொள்வது. நின்ற காரின் பானட்டில் ஏற்றிவிடுவதும் அவசரத்துக்கு உதவும். பக்குக்குக் கழுத்து பெல்ட் வேண்டாம். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் இனம், ஹார்னஸ்தான் மாட்ட வேண்டும்.

கேள்வி: பூங்காவில் பார்க்கும் மற்ற நாய்களோடு ‘ஹலோ’ சொல்ல விடலாமா?
– வாசகர், மெய்யனூர்

பதில்: லீஷில் இருக்கும்போது தெரியாத நாயோடு வேண்டாம். தெரிந்த நாயென்றால் இரண்டு லீஷும் தொய்ந்திருக்க, வளைந்து வந்து, மூன்று வினாடி. மனதுக்குள் எண்ணி, கூப்பிட்டு, நடந்துவிடுங்கள். உரசல் பெரும்பாலும் அதற்கு மேல் நீடித்து, லீஷ்கள் பின்னிக்கொண்ட பிறகுதான் வெடிக்கிறது.

இரண்டு நாயையும் நண்பர்களாக்க வேண்டுமென்றால் சேர்ந்து நடப்பதுதான் வழி. ரோட்டின் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, ஒரே திசையில் கால்மணி நேரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, ஒன்று மூத்திரம் விட்ட இடத்தை மற்றது முகர விடுங்கள். நாய்களுக்குள் அறிமுகம் அங்கேயே பாதி முடிந்துவிடும். யாராவது தன் நாயை அவிழ்த்துவிட்டு ‘ஒண்ணும் பண்ணாதுங்க’ என்று தூரத்திலிருந்து சொன்னால், கூச்சப்படாமல் உரக்கச் சொல்லுங்கள்: ‘எங்க நாய் பயப்படும்ங்க, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க.’

கேள்வி: குட்டிக்கு இரண்டரை மாதம். தடுப்பூசி முடியும்வரை வெளியே காட்டவே கூடாதாமே?
– வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: தரையில் விடக் கூடாது, காட்டலாம். மற்ற நாய்களை இயல்பாக ஏற்கும் மனம் உருவாவது மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான். தடுப்பூசி வரிசை முடிய நாலு மாதம் ஆகிவிடும், அதற்குள் அந்தக் கதவு பாதி சாத்திவிடும். ஆனால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்க் கிருமிகள் தெருத் தரையில் இருக்கலாம். அதனால் மடியில் வைத்து வாசலில் உட்காருங்கள். தூரத்தில் நாய் போகும்போதெல்லாம் ஒரு துண்டு தீனி. தடுப்பூசி போட்ட, சாந்தமான பெரிய நாய் உறவினர் வீட்டில் இருந்தால் அங்கே கூட்டிப்போய் அரைமணி விளையாட விடுங்கள்.

கேள்வி: சென்ற மாதம் வாக்கிங்கில் இரண்டு நாயும் கட்டிப் புரண்டுவிட்டன. பிரிக்கப் போய் என் கையில் கடி. சரியாகப் பிரிப்பது எப்படி? கடித்தால் என்ன செய்வது?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: கழுத்து பெல்ட்டைப் பிடிக்கக் கையை நடுவில் விட்டிருப்பீர்கள். எல்லோருக்கும் முதலில் கை போகிற இடம் அதுதான், கடி விழுகிற இடமும் அதுதான். வெறியில் இருக்கும் நாய் கை யாருடையது என்று பார்ப்பதில்லை.

முதலில் லீஷைத் தளர்த்துங்கள். இறுக்கி இழுத்தால் உங்கள் நாயால் விலகவும் முடியாது, தற்காக்கவும் முடியாது. சத்தம் மட்டும் பெரிதாக இருக்கும் சண்டைகள் சில நொடியில் தானாகவே விட்டுவிடும். விடாவிட்டால் தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டிலை மூக்கிலும் கண்ணிலும் படும்படி வீசி ஊற்றுங்கள். குடை, பை, ஸ்டூல், அட்டைப்பெட்டி எதையாவது இரண்டு முகத்துக்கும் நடுவில் நுழைக்கலாம். தலைமேல் துண்டையோ சாக்கையோ போட்டால் பல நாய்கள் பிடியை விடும்.

ஒன்று கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது. பல்லால் விழுந்த ஓட்டை, இழுத்தால் கிழிசலாகும். இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்தொடைகளை ஒரே நேரத்தில் பிடித்து, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி மாதிரித் தூக்கி, பிடி தளர்ந்ததும் வட்டமாகப் பின்னால் நகருங்கள். நேராக இழுத்தால் திரும்பி உங்களைக் கடிக்கும், வட்டமாக நகரும்போது அது முன்னங்காலில் நடந்தே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் தூக்கினால் தூக்கப்பட்ட நாய் கடிபடும், அதனால் தனியாக இருந்தால் தண்ணீரோடும் குடையோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிந்ததும் அங்கேயே நின்று சோதிக்காதீர்கள். நூறடி நடந்துவிட்டு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்து, காதின் உட்புறம் என்று முடியை விலக்கிப் பாருங்கள். நாய்க்கடியில் வெளியே தெரிவது புள்ளி, உள்ளே தோலும் சதையும் பிரிந்திருக்கும். உப்புநீரால் கழுவி, இறுக்கிக் கட்டாமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு நாள் தள்ளினால் சீழ் கட்டும், திறந்த புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். கடித்தது தெரியாத நாயென்றால், உங்கள் நாய்க்கு வருடாந்திர ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும் மருத்துவர் கூடுதலாகப் போடச் சொல்வார். ஊசிப் புத்தகத்தை எடுத்துப் போங்கள்.

உங்கள் கைக்கு வருவோம். கடியோ, பல் கீறலோ, ரத்தம் வராத சிராய்ப்போ, எதுவானாலும் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், நாமாக நினைக்கிற 15 நிமிடம் மூன்று நிமிடம்தான் இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. பிறகு போவிடோன் அயோடின் தடவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சேலம் அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 என்ற நாள்களில் வர வேண்டும். தோல் கிழிந்திருந்தால் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். கடித்த நாயை அடையாளம் தெரிந்தால் 10 நாள் கண்காணிக்கலாம். ஆனால் அது நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கடிக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அன்று ஊசி போடவில்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே போங்கள். காலம் தாழ்ந்து வந்தாலும் போடுவார்கள்.